ஏட்டுப் பிழையும் இறுவட்டுப் பிழையும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையில் மாத்தளை நகரைக் கடந்து வடக்கே செல்வோர், முதலில் அலுவிகாரையையும் அதனையடுத்துப் பலாபத்வல என்னும் ஊரையும் காண்பர். மிளகும் கறுவாவும் சாதிக்காயும் விளையும் மாத்தளை மாவட்டத்தின் சிற்றூர்களுள் பலாபத்வலவும் ஒன்று. மனித நினைவை ஒரு பொருளின்மீது பதித்து வைத்தல், பதித்ததைப் பிழையின்றித் திரும்பப் படித்தல் என்னும் இரு கலைகளின் வரலாற்றைப் பேச விரும்புவோர்க்கு இப்பகுதியைக் காட்டிலும் பொருத்தமான இடம் இலங்கையில் வேறு இல்லை.

கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், வலகம்பா எனப்படும் வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்த திரிபிடகமும் அதன் உரைகளும் நூல் வடிவில் எழுதப்பட்டன என்று மகாவமிசம் கூறுகின்றது. அவ்வாறு எழுதப்பட்ட இடம் அலுவிகாரையே என்பது நெடுங்கால மரபு. எழுத வேண்டிய தேவை ஏன் நேர்ந்தது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாட்டில் போரும் கொடிய பஞ்சமும் நிலவின. துறவிகள் சிதறினர், பலர் மாண்டனர். மகாநித்தேசம் என்னும் நூலை முழுவதும் அறிந்தவர் அக்காலத்தில் ஒரேயொருவரே எஞ்சியிருந்தார் என்றும், அவரோ ஒழுக்கத்திற் குறையுடையவராக இருந்தார் என்றும், அதனால் அவரிடம் பாடங் கேட்கத் தயங்கிய துறவி ஒருவரை, நூல் அழிந்துவிடலாகாது என்று வற்புறுத்தி ஆசிரியர் அனுப்பினார் என்றும் சமந்தபாசாதிகை என்னும் உரைநூல் தெரிவிக்கின்றது. ஒரு நூலின் ஒரே பிரதி ஒரு மனிதரின் நெஞ்சில் மாத்திரம் இருக்கும் நிலை எத்துணை அச்சந் தருவது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பதரிது.

ஓலையை அவித்து, உலர்த்தி, மெருகேற்றி, எழுத்தாணியாற் கீறி, கீறிய பள்ளத்திற் கரிக்கலவை பூசித் துடைத்தால் எழுத்துத் துலங்கும். பள்ளமும் மேடுமே எழுத்து. ஆனால் ஓலையும் நிலையானதன்று. ஈரமும் செல்லும் அதற்குப் பகை. மனிதரும் பகையாவதுண்டு. 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலப் படை அடக்கியபோது அலுவிகாரையும் அதன் ஏட்டுத்தொகுதியும் சேதமுற்றன. ஆகவே ஏட்டை வைத்திருந்தோர் யாவரும் அதனைப் படியெடுத்துக்கொண்டேயிருந்தனர். படியெடுக்குந்தோறும் புதிய பிழையும் புகுந்தது.

பிழை புகுந்ததை அறிவதற்குத் தமிழர் ஒரு வழி வைத்திருந்தனர் என்பது இவ்விடத்திற் சிந்திக்கத்தக்கது. வெண்பாவில் ஓர் எழுத்துக் குறைந்தாலும் தளை தட்டும். தட்டியவுடன் அங்கே ஏதோ கெட்டது என்று கற்றவன் அறிந்துகொள்வான். எதுகையும் மோனையும் கெட்ட சொல்லை மீட்கத் துணைபுரியும். அந்தாதியிலோ ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாக வருவதால், நடுவே ஒரு பாட்டு உதிர்ந்து போனால் அவ்விடம் தானே காட்டிக் கொடுத்துவிடும். யாப்பு இன்பத்துக்காக மட்டும் அமைந்ததன்று, அது காவலுமாகும்.

இனி, பலாபத்வலவிலும், இலங்கையின் எந்த ஊரிலுமே போல, வீட்டு அலுமாரிகளில் வேறொரு வகை ஏடு உறங்கிக் கிடக்கின்றது. அதுவே இறுவட்டு. 1990 களின் பிற்பகுதியிலிருந்து ஏறக்குறைய 15 ஆண்டுக் காலம், திருமணப் படங்களும், கோயில் திருவிழாக் காட்சிகளும், பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களும், இன்று மறைந்துவிட்ட முதியோரின் குரல்களும் அதிலேயே பதிக்கப்பட்டன. பெரும்பாலானவற்றுக்கு மறுபிரதி இல்லை. அவ்வட்டை இன்று லினக்ஸ் இயங்கும் கணினி ஒன்றிற் செருகினால், இயக்கி உறுமுகின்றது. நின்று, மீண்டும் உறுமுகின்றது. பின்னர் திரையிற் சில ஆங்கில வரிகள் தோன்றுகின்றன. அவற்றைக் கண்ட பலர் வட்டு செத்துவிட்டது என்று குப்பையில் இடுகின்றனர். சிலர் நூறு தடவை மீண்டும் மீண்டும் செருகி, எஞ்சியிருந்ததையும் கெடுக்கின்றனர். அவ்வரிகள் எவ்வாறு பிறந்தன என்னும் வரலாற்றை அறிந்தோர் இவ்விரண்டையும் செய்யார்.

வரலாறு அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்திற் தொடங்குகின்றது. 1947 ஆம் ஆண்டளவில் அங்கு ரிச்சர்ட் ஹாமிங் என்னும் கணிதவியலாளர் மின்தொடர்ப் பொறிகளாலான கணக்கிடு கருவி ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். வார இறுதியில் ஆளில்லாத வேளையில் அவர் கொடுத்த கணக்கு ஓடும். பிழையொன்று நேர்ந்தால் கருவி அதனைக் கண்டுபிடித்து, அக்கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடும். திங்கட்கிழமை வந்து பார்க்கும்போது விடை இராது. பிழை உண்டென்று அறியத் தெரிந்த பொறிக்கு, அது எவ்விடத்தில் உண்டென்று அறிந்து திருத்திக்கொள்ள ஏன் தெரியலாகாது என்று அவர் சினந்து எண்ணியதன் பயனே, 1950 இல் அவர் வெளியிட்ட பிழைதிருத்துங் குறியீடு. 1960 இல் இர்விங் றீட், குஸ்டாவ் சொலமன் என்னும் இருவர் அதனினும் வன்மையுள்ள குறியீட்டை வகுத்தனர். சில இலக்கங்களுடன் அவற்றிலிருந்து கணித்துப் பெற்ற காவல் இலக்கங்கள் சிலவற்றையும் சேர்த்து எழுதிவைத்தால், இடையிற் சில அழிந்து போயினும் எஞ்சியவற்றைக் கொண்டு அழிந்தவற்றைக் கணித்து மீட்கலாம் என்பதே அதன் சாரம். வெண்பாவின் தளை ஆற்றும் பணியை இங்கே கணிதம் ஆற்றுகின்றது; வேறுபாடு, வெண்பா பிழையைக் காட்டும், கணிதம் திருத்தியும் தரும்.

ஒல்லாந்து தேசத்துப் பிலிப்ஸ் நிறுவனமும் யப்பானின் சொனி நிறுவனமும் 1979 இற் கூடி, 1980 இல் இசைவட்டின் விதிகளை வகுத்தன. 1982 ஒக்டோபர் 1 ஆம் நாள் யப்பானில் முதலாவது இசைவட்டுக் கருவி விற்பனைக்கு வந்தது. வட்டின் விட்டம் 12 சென்றிமீற்றர்; தடிப்பு 1.2 மில்லிமீற்றர். அதன் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருளாகச் செல்லும் ஒரே தடத்தை நீட்டி வைத்தால் 5 கிலோமீற்றருக்கு மேல் வரும். அத்தடம் நெடுகப் பள்ளமும் மேடும் உள்ளன. எழுத்தாணியால் கீறிய ஓலையைப் போலவேதான்! ஆனால் பள்ளத்தின் அகலம் ஒரு மில்லிமீற்றரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு; அதனைப் படிப்பது கண்ணன்று, லேசர் ஒளி.

இத்துணை நுண்ணிய எழுத்தைப் பிழையின்றிப் படித்தல் இயலாத காரியம் என்பதை அதனை ஆக்கியோர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். புத்தம் புதிய வட்டிலும் பிழை உண்டு. தூசியொன்று, கைரேகையொன்று, வார்ப்பிலே நேர்ந்த குமிழொன்று போதும். ஆதலால் 24 பைட் தரவுக்கு 8 பைட் காவல் என்ற வீதத்தில் றீட்–சொலமன் குறியீட்டை இரு அடுக்காக அமைத்தனர். அதனோடு நில்லாது, அடுத்தடுத்து வரும் பைட்டுகளைத் தடத்தில் அடுத்தடுத்து வையாமல், தொலைதூரத்திற்குச் சிதறி வைத்தனர். ஓரிடத்திற் கீறல் விழுந்தால் ஒரே சொல் முழுவதும் அழியாமல், பல சொற்களில் ஒவ்வோர் எழுத்து வீதம் அழியும். அவ்வாறு அழிந்ததை மீட்டல் எளிது. தடத்தின்வழியே ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் நீளம் வரை முற்றிலும் கெட்டாலும் வட்டு ஒன்றும் நடவாததுபோல் பாடும்.

வட்டைத் துடைக்கும் முறையும் இதிலிருந்தே பிறக்கின்றது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைத்தல் வேண்டும். துணியிலுள்ள மணல் ஒன்று கீறினாலும், அக்கீறல் தடத்தைக் குறுக்கே வெட்டிச் செல்வதால் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதே கெடும். குறியீடு அதனை மீட்டுவிடும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின்வழியே நீளும். இரண்டரை மில்லிமீற்றர் என்னும் எல்லையை அது எளிதில் தாண்டிவிடும். பாத்திரம் துலக்குவதுபோல் வட்டமிட்டுத் துடைப்போரே பெரும்பான்மையோர் என்பது வருந்தத்தக்கது.

இசைக்கும் தரவுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இசைவட்டில் குறியீட்டாலும் மீட்க முடியாத ஓரிடம் வந்தால், கருவி அதன் முன்னும் பின்னும் உள்ள ஒலிகளை நோக்கி இடைவெளியை ஊகித்து நிரப்பிவிடும். செவி அதனை அறியாது. ஆனால் ஒரு வங்கிக் கணக்கின் இலக்கத்தை அவ்வாறு ஊகிக்கலாகுமா? ஆகாது. ஆதலின் கணினிக்குரிய வட்டின் விதிகளைப் பின்னர் வகுத்தபோது மூன்றாவது காவலும் சேர்க்கப்பட்டது. வட்டின் ஒவ்வொரு பகுதியும் 2352 பைட் கொண்டது. அதில் பயனாளருக்கு உரியது 2048 மாத்திரமே. எஞ்சியவற்றில் 276 பைட் திருத்துவதற்கும், 4 பைட் சரிபார்ப்பதற்கும் ஒதுக்கப்பட்டன. மூன்று காவலும் தோற்றால், இயக்கி எதையும் ஊகித்துச் சொல்லாது. படிக்க முடியவில்லை என்று வெளிப்படையாக அறிவித்துவிடும். அந்த அறிவிப்பே பிழைச்செய்தி. அது முதற் பிழையின் செய்தியன்று. ஆயிரக்கணக்கான பிழைகளை ஓசையின்றித் திருத்தி வந்த காவல், கடைசியில் கையிருப்புத் தீர்ந்து எழுதும் ஓலை அது.

இனி லினக்சுக்கு வருவோம். 1991 ஆகஸ்ட் மாதம் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் ஆக்கிவரும் இயங்குதளம் பற்றி உலகுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டிலேயே இக்ட்ராசில் என்னும் அமெரிக்க நிறுவனம் லினக்சை இறுவட்டிற் பதித்து வெளியிட்டது. எனினும் அந்நாளில் இறுவட்டு இயக்கி ஒவ்வொன்றும் ஒவ்வொரு மொழி பேசியது. சொனியின் இயக்கிக்கு ஒரு நிரல், மிற்சுமியின் இயக்கிக்கு வேறொரு நிரல், ஒலி அட்டையுடன் இணைந்து வந்த பனசோனிக் இயக்கிக்கு மற்றொன்று. பிழை நேர்ந்தால் ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றியவாறு முறையிட்டது. இவற்றையெல்லாம் ஒரு பொது அடுக்கின்கீழ்க் கொணரும் பணியை 1996 இல் டேவிட் வான் லீவென் தொடங்க, எரிக் ஆண்டர்சனும் பின்னர் டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் அக்ஸ்போவும் தொடர்ந்தனர். லினக்ஸ் தொடங்கும்போது "யூனிஃபோர்ம் சீடி-ரொம் டிரைவர்" என்று ஒரு வரி தோன்றுவதைப் பலர் கண்டிருப்பர். அது இவர்களது உழைப்பின் சுவடு. பழைய தனிமொழி இயக்கிகளுக்கான நிரல்கள் 2007 இல் லினக்சிலிருந்து அகற்றப்பட்டன.

இயக்கிகள் பேசும் பொதுமொழிக்கு மூலம் ஸ்கசி எனப்படும் விதித்தொகுதி. அது 1986 இல் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்டது. சாதனம் ஒரு பணியில் தோற்றால் வெறுமனே தோற்றேன் என்று சொல்லாமல், தோல்வியின் வகையைக் குறிக்கும் எண் ஒன்றையும் தர வேண்டும் என்பது அதன் விதி. இதற்குச் "சென்ஸ் கீ" என்று பெயர். இன்று லினக்ஸ் காட்டும் வரிகளில், எஸ்-ஆர்-சுழியம் என்னும் இயக்கியின் பெயரையடுத்து வருவது இதுவே. எல்லா வரிகளையும் படிக்க வேண்டியதில்லை. இவ்வொரு சொற்றொடரைப் பிடித்துக்கொண்டால் போதும். திரையில் அது காணப்படாவிடின், டி-மெசேஜ் என்னும் கட்டளையை இட்டால் கருமென்பொருளின் நாட்குறிப்பு முழுவதும் வெளிப்படும்.

"நொட் றெடி" என்றால் இயக்கி ஆயத்தமாகவில்லை என்பது பொருள். வட்டே இல்லாதபோதும், வட்டு இப்போதுதான் சுழலத் தொடங்கியபோதும் இது வரும். சற்றுப் பொறுத்தால் தீரும். வட்டு உள்ளேயிருந்தும் "மீடியம் நொட் பிரெசென்ற்" என்று வருமாயின், ஒளி வட்டைக் காணவில்லை. தலைகீழாக வைத்ததிலிருந்து, வில்லையிற் படிந்த தூசி வரை காரணம் பலவாகலாம். "யூனிட் அட்டென்ஷன்" என்பது பிழையே அன்று. வட்டு மாற்றப்பட்டிருக்கலாம் என்று இயக்கி சொல்லி வைக்கும் சொல் அது. இதனைக் கண்டு அஞ்சுவோர் தபாற்காரனைக் கண்டு அஞ்சுவோரை ஒப்பர்.

"இல்லீகல் றிக்குவெஸ்ட்" என்பது பெயரளவில் அச்சுறுத்துவது. கேட்கத் தகாததைக் கணினி கேட்டுவிட்டது என்பதே அதன் கருத்து, வட்டு பழுதென்பதன்று. வட்டின் எல்லைக்கு அப்பாலுள்ள இடத்தைக் கேட்டாலும் இது தோன்றும். பூட்டிய திரைப்பட டீவீடி ஒன்றைத் திறவுகோல் பெறாமற் படிக்க முயன்றாலும் இதுவே தோன்றும். இவ்வகையில் நல்ல வட்டுகள் பல பழியேற்று ஒழிந்தன. "ஹாட்வெயார் எரர்" என்றால் இயக்கியின் பொறியிற் குறை; வேறோர் இயக்கியில் அதே வட்டு நன்றாகப் படிக்கப்படலாம்.

உண்மையிற் கவலைக்குரியது "மீடியம் எரர்" ஒன்றே. அதனோடு "எல்-ஈ-சீ அன்கரெக்டபிள்" என்ற சொல்லும் வந்தால், மேலே கூறிய மூன்றாவது காவலும் அவ்விடத்தில் வீழ்ந்தது என்று கொள்ளவேண்டும். அவ்விடத்தில் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கின்றது. வரியின் இறுதியில் ஓர் எண் இருக்கும். அதுவே கெட்ட இடத்தின் முகவரி. 3 இலட்சம் பகுதிகள் கொண்ட வட்டில் ஒரு பகுதி கெட்டதை முழு வட்டும் கெட்டதாகக் கருதலாகாது. ஒரே பிழை பத்து வரியாகத் தோன்றுவதும் உண்டு. இயக்கி ஒரு முறை, அதற்கு மேலுள்ள அடுக்கு ஒரு முறை, அதற்கும் மேலுள்ளது ஒரு முறை என்று ஒவ்வொருவரும் முறையிடுவதால் வருவது அது.

இங்கு ஒரு விநோதத்தையும் குறிப்பிடுதல் வேண்டும். வட்டை முதலிலிருந்து கடைசி வரை அப்படியே படியெடுக்கும்போது, கடைசி இரண்டு பகுதிகளில் மாத்திரம் பிழை காட்டும் வட்டுகள் எண்ணற்றவை. எழுதிய இயக்கி தடத்தை முடிக்கும்போது லேசரை நிறுத்துகின்ற முறையால், ஈற்றில் இரண்டு பகுதிகள் படிக்க முடியாதனவாக எஞ்சுகின்றன. அவற்றிற் பயனாளரின் தரவு ஒன்றும் இல்லை. ஆயினும் லினக்ஸ் வேகத்தின்பொருட்டு முன்கூட்டியே படித்து வைக்கும் வழக்கமுடையதாகையால், அவ்விரு பகுதிகளிலும் கால் வைத்து, ஐ-ஓ எரர் என்று கூவிவிடும். பல ஆண்டுகள் பலரை அலைக்கழித்த பிழை இது. எழுதும் மென்பொருள்கள் ஈற்றில் வெற்றுப் பகுதிகளை நிரப்பி எழுதத் தொடங்கியது இதன்பொருட்டே. பிழையின் முகவரி வட்டின் கடைசியை ஒட்டியிருந்தால், கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தபின்னரே வட்டைப் பற்றித் தீர்ப்புக் கூறல் தகும்.

"ரோங் எஃப்-எஸ் டைப்" என்னும் செய்தியையும் சொல்லாது விடலாகாது. அது இயக்கி சொல்வதன்று. வட்டைக் கோப்புத்தொகுதியாக ஏற்ற முயன்ற கட்டளை சொல்வது. இசைவட்டில் கோப்புத்தொகுதி இல்லை. ஆகவே அதனை ஏற்ற முயன்றால் இச்செய்தி வருதல் இயல்பே. எழுதி முடிக்காமல் இடையில் விட்ட வட்டும், வெறும் வட்டும் இவ்வாறே சொல்லும்.

மெய்யாகவே காயப்பட்ட வட்டை எவ்வாறு மீட்பது? 2004 இல் அந்தோனியோ தியாஸ் தியாஸ் என்பவர் டிடி-றெஸ்க்யூ என்னும் மென்பொருளை வெளியிட்டார். அதன் ஒழுங்கு நுணுகி நோக்கத்தக்கது. சாதாரணப் படியெடுப்பு கெட்ட இடத்தை அடைந்ததும் அங்கேயே நின்று முட்டி மோதும். இது அவ்வாறு செய்யாது. எளிதிற் படிக்கக்கூடிய இடங்கள் அனைத்தையும் முதலில் எடுத்துக்கொள்ளும். கெட்ட இடத்தைத் தாண்டிச் செல்லும். தாண்டியதைக் குறிப்பேடு ஒன்றில் எழுதி வைக்கும். நல்லவை யாவும் கைக்கு வந்தபின்னரே கெட்ட இடங்களுக்குத் திரும்பி, ஓரங்களிலிருந்து சிறிது சிறிதாகச் சுரண்டும். பகுதியின் அளவு 2048 என்று அதற்குச் சொல்லிவிடல் வேண்டும். இறுதிவரை படிக்க முடியாத இடத்தை வெறுமையாகவே விட்டு, அது வெறுமை என்று குறிப்பேட்டிற் காட்டும்.

அதனினும் சிறப்பு வேறொன்று. ஒரே வட்டுக்கு இரு பிரதிகள் இருந்து, இரண்டுமே காயப்பட்டிருப்பின், முதற்பிரதியில் எடுத்ததன்மேல் இரண்டாம் பிரதியை வைத்து, குறிப்பேட்டில் வெறுமையென எழுதிய இடங்களை மாத்திரம் நிரப்பச் செய்யலாம். இரு வட்டும் ஒரே இடத்திற் கெட்டிருத்தல் அரிதாதலின், பெரும்பாலும் முழு நூலும் கிடைத்துவிடும். பிரதி ஒன்றேயாயின், அதே குறிப்பேட்டுடன் அதனை வேறோர் இயக்கியில் இடலாம். ஒன்று படிக்காததை மற்றொன்று படிப்பதுண்டு.

தமிழ்ப் பதிப்பு வரலாற்றை அறிந்தோர்க்கு இது புதிய கதையன்று. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இல் கலித்தொகையையும் பதிப்பித்தபோது, எடுத்தாலே உதிரும் ஏடுகளோடு போராடினார்; தம் பதிப்புரையில் அவற்றின் நிலையை எண்ணி மனமுருகி எழுதியும் உள்ளார். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஒரே நூலின் பல பிரதிகளைத் தேடியதும் இக்காரணம் பற்றியே. ஒன்றில் செல்லரித்த அடி மற்றொன்றில் நலமாக இருந்தது. எந்தப் பிரதியிலும் கிடைக்காத இடத்தில் அவர் தமது சொல்லை இட்டு நிரப்பவில்லை, புள்ளிகளை இட்டார். 1894 இல் வெளிவந்த புறநானூற்றில் அப்புள்ளிகளைக் காணலாம். 267 ஆம் பாட்டும் 268 ஆம் பாட்டும் இன்றுவரை கிடைத்தில. அவ்விரு எண்களும் வெற்றிடமாகவே நிற்கின்றன. பிழைச்செய்தி என்பதன் மிக உயர்ந்த வடிவம் அதுவே எனலாம். கவிதை புனையும் ஆற்றல் பெற்றோர் நூற்றுக்கணக்கில் இருந்த நாட்டில், அவ்விரு இடங்களையும் ஒருவரும் நிரப்பாது விட்டமையே புறநானூற்றின் ஏனைய பாடல்களை நம்பத்தக்கனவாக்குகின்றது.

வீட்டில் எழுதிய இறுவட்டுக்கு வரும் கேட்டினையும் சிறிது நோக்குவோம். தொழிற்சாலையில் வார்த்த வட்டிற் பள்ளம் மெய்யான பள்ளம். வீட்டில் எழுதும் வட்டிலோ பள்ளம் இல்லை. சாயப்படலம் ஒன்றை லேசர் கருக்கி அடையாளமிடுகின்றது. சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் ஈரத்திலும் வெளிறும். யன்னலோரத்தில் வைத்த வட்டு, பெட்டியில் வைத்த வட்டைவிட முன்னதாக மாளும். இறுவட்டின் எழுத்துப்படலம் பளபளக்கும் அடிப்புறத்தில் இல்லை, பெயரெழுதும் மேற்புறத்தை ஒட்டியே உள்ளது என்பதைப் பலர் அறியார். அதன்மேல் இருப்பது மெல்லிய அரக்குப் பூச்சு மாத்திரமே. ஆகவே அடிப்புறக் கீறலைவிட மேற்புறக் கீறல் கொடிது. அங்கு குமிழ்முனைப் பேனாவால் அழுத்திப் பெயரெழுதுவோர், ஓலையில் எழுத்தாணி செய்த அதே செயலைச் செய்கின்றனர். அங்கே கீறல் எழுத்தை ஆக்கியது, இங்கே அழிக்கின்றது. செல்லரிப்புக்கும் ஈடு உண்டு. மத்திய அமெரிக்காவின் வெப்பமும் ஈரமும் மிகுந்த பெலீஸ் நாட்டில், வட்டின் படலத்தை உண்ணும் பூஞ்சணம் ஒன்று காணப்பட்டதாக 2001 இல் ஸ்பானிய அறிஞர்கள் தெரிவித்தனர்.

லினக்சும் இறுவட்டும் உலகெங்கும் கைகோத்து நடந்த காலம் ஒன்றிருந்தது. 2004 இல் தோன்றிய உபுண்டு என்னும் லினக்ஸ் வெளியீடு, கேட்டவர்க்கெல்லாம் இறுவட்டைத் தபாலில் இலவசமாக அனுப்பி வந்தது. 2011 இல் அச்சேவை நின்றது. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின்பின் இலங்கையர் ஆக்கிய சகானா என்னும் இடர்நிவாரண மென்பொருளும் இதே திறந்த மூல மரபிற் பிறந்தது. ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிம வடிவிற் சேர்க்கும் நூலகம் என்னும் முயற்சி 2005 இல் தொடங்கியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களுடன் எரிந்ததை அறிந்த சமூகத்துக்கு, ஒரே பிரதியின் அச்சம் இன்னதென்று விளக்க வேண்டியதில்லை.

காலமும் இப்போது குறுகி வருகின்றது. 2025 பெப்ரவரியில் சொனி நிறுவனம் வீட்டில் எழுதத்தக்க புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை நிறுத்தியது. இன்று விற்பனையாகும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இயக்கியின்றியே வருகின்றன. அலுமாரியிலுள்ள வட்டைப் படிக்க விரும்புவோர் வெளியிலிருந்து வடத்தால் இணைக்கும் இயக்கியையே நாட வேண்டியுள்ளது. அவ்வகை இயக்கி வட்டைச் சுழற்றத் தொடங்கும்போது மிகுந்த மின்னோட்டம் கேட்கும். பழைய யூ-எஸ்-பீ துளை தரக்கூடியது 500 மில்லியம்பியரே. அது போதாதபோது இயக்கி நடுவே மயங்கி விழுந்து எழும். அப்போது லினக்சின் நாட்குறிப்பில் "றீசெற்" என்னும் சொல் மீண்டும் மீண்டும் தோன்றி, அதன் பின்னால் பிழை வரிகள் அணிவகுக்கும். அவ்வரிகளில் "மீடியம் எரர்" என்ற சொல் இல்லையாயின் வட்டின்மேற் குற்றமில்லை. இரு முனைகள் கொண்ட வடத்தால் இரண்டு துளைகளிலிருந்து மின்சாரம் கொடுத்தாலோ, தனியே மின்னூட்டம் பெறும் இணைப்புப் பெட்டியைப் பயன்படுத்தினாலோ, அதே வட்டு அதே இயக்கியில் முதற் பகுதியிலிருந்து ஒழுங்காகப் படிக்கத் தொடங்கிவிடும்.